காலை எட்டேகால்

டாக்டரம்மா ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவன் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவி முப்பிடாதி அறையில் இல்லை. எடை பார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அப்போதே அவனுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

அவளுக்கு நாக்கில் புற்று. இருபத்தெட்டுத் தடவை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தாயிற்று. வாய் முழுக்க வெந்து, பத்து நாளாகப் பேச்சில்லை. மூக்குக் குழாயில் கஞ்சி. எதையும் நோட்டில் எழுதித்தான் காட்டுவாள்.

"கட்டி கரையல. கழுத்துலயும் பரவிருக்கு. இனிமே கரண்ட் வேண்டாம். வலி தெரியாமப் பாத்துக்குவோம்."

அவன் தலையாட்டினான்.

"ஒண்ணு கேக்கணும். அந்த முகமூடியப் போட்டு மிஷின்ல படுக்கவச்சா எல்லாரும் பயந்து நடுங்குவாங்க. இவங்க படுத்ததும் தூங்கிடுறாங்களாமே. ராத்திரி தூங்குறதில்லையா?"

"ராத்திரி முழிச்சே பழக்கம் மேடம். பத்தொம்பது வருசமா ஸ்பின்னிங் மில்லுல நைட் ஷிப்டு. காலையில வந்து படுத்தான்னா சாயந்தரம்தான் எந்திரிப்பா."

டாக்டரம்மா மேசையிலிருந்த சிகிச்சை அட்டையில் நேரத்தைப் பார்த்தார்: காலை எட்டேகால்.

அவனும் அதைப் பார்த்தான்.

கரண்ட் வைக்க நேரம் கேட்டு வந்த முதல் நாளே மாலை நேரம் காலியாக இருந்தது. மறுநாளே தொடங்கலாம் என்றார்கள். ஆனால் நர்ஸ் ஒருத்தி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்: உடம்புக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறதாம். காலையில் வைத்தால் வாய்ப்புண் குறையலாமாம். உறுதியில்லையாம்.

உறுதியில்லை என்பது அவன் காதில் விழவில்லை.

தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். அவன் கேட்கவில்லை. காலை நேரத்துக்காகப் பதினாறு நாள் காத்திருந்தான். எட்டேகால் கிடைத்த அன்று கேசரி வாங்கிப் போனான். அன்று அவளால் விழுங்க முடிந்தது.

அவன் பெயிண்டர். அவன் டிபன் பாக்ஸோடு கிளம்பும்போது, தலையில் பஞ்சுத் தூசியோடு அவள் வாசலில் ஏறுவாள். அவன் திரும்பும்போதுதான் அவளுக்குப் பொழுது விடியும்.

பத்தொன்பது வருடம் பார்த்ததுதான்.

இருந்தும், காலை என்றால் எல்லோருக்கும் காலை என்று நினைத்துவிட்டான்.

"அப்ப அவளுக்குச் சாயந்தரம்தான் காலையா மேடம்?"

"அப்படியெல்லாம் சொல்லிட முடியாது. யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாது. நேரத்தால இப்படி ஆகல. மனசுல போட்டுக்காதீங்க."

பதினாறு நாளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அவனும் கேட்கவில்லை.

இனிக் கரண்ட் இல்லை என்று சிகிச்சை அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கையில் கொடுத்தார். அவன் வெளியே வந்தான்.

அவள் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும் விழித்தாள். நோட்டைத் திறந்தாள்.

*என்ன சொன்னாங்க?*

நடைபாதையில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது மூலையில் திரும்பி மறையும் வரைக்கும் அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேரத்த மாத்திட்டாங்க. இனிச் சாயந்தரமாம்."

*எத்தனை மணி?*

"அஞ்சரை."

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு அவன் கையிலிருந்த அட்டையை வாங்கினாள். எட்டேகாலை அடித்தாள். ஆங்கில வரிக்குக் கீழே, கோணாமல், ஐந்தரை என்று எழுதினாள்.

மறுபடி நோட்டை எடுத்தாள்.

*நாளைக்கு மூணு மணிக்குப் பஸ் ஏறினாப் போதும்ல?*

"போதும்" என்றான்.