எதிர்ச்சாரி

கயிற்றில் கட்டிய பலகை மேலே போகப் போக, அவனுக்குத் தங்கையின் கால்கள்தான் தெரிந்தன.

செருப்பில்லாத கால்கள். விரல்கள் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

இடுப்பு பெல்ட்டை அவன்தான் மாட்டிவிட்டான், இடது கையால். காலையில் பிடித்துக்கொண்ட வலது தோள் இன்னும் விடவில்லை. நாளைக்குத் திறப்பு விழா. ஆறு மாடி உயரச் சுவரில் பீடி சுற்றும் பெண்ணின் முகம். ஒரு கண் மட்டும் பாக்கி.

“நான் ஏறுறேண்ணா” என்றாள் அமுலு.

இத்தனை வருடத்தில் அவள் ஏறியதே இல்லை.

ஏறுவது அவன். எதிர்ச்சாரியில் நின்று பார்த்துச் சொல்வது அவள். சுவரோடு ஒட்டி வரைகிறவனுக்குப் படம் தெரியாது. ஒரு புருவமே ஆள் நீளம் இருக்கும். அவள் போனில் சொல்லச் சொல்ல அவன் கை போகும்.

யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. குடியாத்தத்தில், சின்ன வயதில், தெருவில் அவன் கரித்துண்டால் வரைவான். அவள் எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து கத்துவாள், குதிரைக்கு வயிறு பெருத்துவிட்டதென்று. காலால் தேய்த்து அழிப்பான். பிறகு கடை ஷட்டர்கள், பால்வாடிச் சுவர்கள், மேம்பாலத் தூண்கள்.

பேப்பரில் படம் வந்தால் கயிற்றில் தொங்குகிறவன்தான் வருவான். “நீ இன்னாம்மா பண்ற?” என்று கேட்பவர்களிடம் அவள், “நான் பாக்கறேன்” என்பாள்.

அவன் ரோட்டைக் கடந்தான்.

நடுப்பகல். வேலூர் வெயில்.

புங்கமரத்தடிக்குப் போனான். கிளைகள் சுவரை மறைத்தன. பஸ் நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே நின்றான். நெற்றி காணாமல் போயிற்று. கரும்புச்சாறு வண்டியின் தார்ப்பாய்க்குள் குனிந்தான். வெறும் மோவாய்.

முழு முகமும் தெரிகிற இடம் ஒன்றுதான் இருந்தது. நடைபாதை ஓரத்தில் சாக்கடை மூடி. மேலே வானம்.

கரும்பைத் திணித்துக்கொண்டே வண்டிக்கார அம்மா சொன்னாள்.

“அந்தப் பொண்ணும் மொத நாளு இப்படித்தான் அல்லாடுச்சு. அப்புறம் அங்கியே நின்னுக்கும், சாயங்காலம் வரிக்கும். உள்ள வாம்மான்னா, உள்ள வந்தா எங்கண்ணன் தெரிய மாட்டாருன்னும்.”



போய் மூடியின்மேல் நின்றான். சூடு செருப்புக்குள் ஏறியது.

“அண்ணா.” காதில் அவள் குரல். மேல்காற்றும் சேர்ந்து கேட்டது. “செவுருதான் தெரியுது. வேற ஒண்ணும் தெரியல.”

“தெரியாது. நான் இருக்கேன். கைய இடது பக்கம் நீட்டு. இன்னும். அங்க வை.”

வைத்தாள்.

மேல் இமை மெல்ல வளைந்து வந்தது. பாதியில் சரிந்தது.

அவன் சொல்ல வாயெடுத்தான். நிறுத்திக்கொண்டான். இப்போது தப்பு என்றால் அந்தக் கை நடுங்கிவிடும்.

“நல்லா வருது” என்றான். “அடுத்தத மட்டும் கொஞ்சம் மேல ஏத்திக்க.”

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது.

நல்லா வருதுண்ணா. அடுத்தத மட்டும் கொஞ்சம் மேல ஏத்திக்க.

எத்தனை சுவர்களில் கேட்டிருப்பான். கேட்ட போதெல்லாம் நன்றாகத்தான் வருகிறது என்று நம்பியிருக்கிறான்.

  அவள் மேலே தூரிகையை ஏற்றிக்கொண்டாள்.

இரண்டாவது கோடு முதல் கோட்டைத் தூக்கிப் பிடித்தது. கண்பாப்பாவின் வட்டம் கூடியது. அதற்குள் ஒரு வெள்ளைப் பொட்டு.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். கரும்புச்சாறு அம்மாவும் தார்ப்பாயை விட்டு வெளியே வந்தாள்.

“முடிஞ்சுதுண்ணா?”

“முடிஞ்சுது அமுலு. செவுத்துல இருந்து பாக்குறா.”

பலகை இறங்கவில்லை. அவள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து அவனைத் தேடுகிறாள் போலிருந்தது.

“அங்க வெயிலா இருக்குதாண்ணா?”

அவன் ஒரு நாளும் அவளைக் கேட்டிராத கேள்வி.

சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. துடைக்கவில்லை.

“இல்ல” என்றான். “நெழல்லதான் நிக்கிறேன்.”



போனில், காற்றோடு சேர்ந்து, அவள் சிரித்தாள்.