மோட்டார் ரூமில் ஒரு குட்டி

“வீட்ல நாய்க்குட்டி ஏதாவது வளக்கறீங்களா?” கண் டாக்டர் கேட்டார்.

“இல்லீங்க” என்றான் வாட்ச்மேன், கேள்வி முடியும் முன்பே.

அவன் மனைவி நிமிரவில்லை. மடியில் இருந்த நாலு வயது மகளையே பார்த்தாள். பிள்ளையின் இடது கண்மணிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னியது. அந்தக் கண்ணில் பார்வையே இல்லை என்று காலையில்தான் தெரிந்தது.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பிள்ளை விளையாடற இடத்துல?”

“எங்க ஃப்ளாட்ஸ்ல நாயா?” பக்கத்து நாற்காலியில் இருந்த ஃப்ளாட்ஸ் செகரெட்டரி சிரித்தார். அவர் காரில்தான் வந்திருந்தார்கள். “ஈ, எறும்புகூட என்னைக் கேட்டுட்டுத்தான் சார் உள்ள வரும். போன வாட்ச்மேன் ஒரு பூனைக்குப் பால் ஊத்தினான். அன்னிக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிட்டேன்.”

வாட்ச்மேனும் சிரித்து வைத்தான். மோட்டார் ரூமில், விரித்த சாக்கின் மேல், ரெண்டு மாசமாக ஒரு குட்டி கிடக்கிறது. பிள்ளை அதோடுதான் அங்கே மண்ணில் புரளும், அந்தக் கையாலேயே சாப்பிடும். வெளியே தெரிந்தால் வேலை போகும். வேலையோடு படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற ஒற்றை அறையும் போகும். மூணு பேரும் எங்கே போய் நிற்பது?

டாக்டர் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

“கடைசியா கேக்கறேன். குட்டி எதுவும் கிடையாது?”

“கிடையாதுங்க.”

“அப்போ வேற வழியில்ல. ஸ்கேன்ல கட்டி மாதிரி தெரியுது. விட்டா மூளைக்கு ஏறிடும். நாளைக்குக் கண்ணை எடுத்துடணும். இங்க கையெழுத்துப் போடுங்க.”

வாட்ச்மேன் பேனாவை வாங்கினான். பேனா நன்றாகத்தான் இருந்தது. கைதான் எழுதவில்லை.

“இருக்கு டாக்டர்!” மனைவி பிள்ளையோடு எழுந்தே விட்டாள். “மோட்டார் ரூம்ல குட்டி இருக்கு. நான்தான் தூக்கிட்டு வந்தேன். ஐயோ, பெத்த பிள்ளை கண்ணை நானே கெடுத்துட்டேனா?”

“அடிப்பாவி!” செகரெட்டரி துள்ளிக் குதித்தார். “ரெண்டு பேரும் சேந்து என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டீங்களே!”

வாட்ச்மேன் தலை குனிந்தான். அடுத்து டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தான்.

டாக்டர் அந்தத் தாளை இழுத்து ரெண்டாகக் கிழித்தார்.

“நாய்க்குட்டி வயித்துப் புழு கண்ணுக்குள்ள போனாலும் அச்சு அசல் கட்டி மாதிரியேதான் தெரியும். ரத்தம் எடுத்துப் பார்ப்போம். புழுவா இருந்தா கண்ணை எடுக்கவே வேண்டியதில்லம்மா. வீணா ஆசை காட்டக் கூடாதுன்னு காரணத்தைச் சொல்லல. ஒரு தடவையாவது ‘ஆமா’ன்னு சொல்லிட மாட்டீங்களான்னுதான் திருப்பித் திருப்பிக் கேட்டேன்!”