ஆறாவது கன்று

லஸ்ஸார் இந்த வருஷமும் அழுதாள். கன்றின் கயிற்றை நீட்டும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கெல்ஸ் ஊர்க் கிறிஸ்தவ மடத்தில் துறவிகள் நற்செய்தி நூலை எழுதி வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் ஏடெல்லாம் இளங்கன்றுத் தோல். வருஷத்துக்கு வீட்டுக்கு ஒரு கன்று காணிக்கை. வாசலில் நின்று வாங்குவதும் தோலைப் பதமாக்குவதும் இளம் துறவி ஃபெர்கிலின் வேலை. காணிக்கை இல்லாமல் பெண்கள் அந்த வாசலை மிதிக்க முடியாது.

மற்ற வீடுகளுக்கு மடத்து ஆட்களே போய் ஓட்டி வருவார்கள். லஸ்ஸார் மட்டும் இரண்டு நாள் நடந்து, தானே கொண்டுவருவாள். ஆறு வருஷமாக இப்படித்தான்.

அவள் அழுகை ஃபெர்கிலின் மனதை அறுத்தது. பஞ்சத்தில் மடத்துக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளை அவன். கொடுத்தது யார் என்று பெரியவர்கள் சொன்னதில்லை. தாய் வயதுப் பெண்கள் கலங்கினால் அவனுக்குத் தாங்காது.

"கன்னுக்குட்டிக்கு இவ்வளவு இரக்கமா? அப்ப வேதத்தை முட்டைக்கோஸ் எலையிலதான் எழுதணும்!" என்று போன வருஷம் கேலி செய்தார் கூட இருந்த துறவி டீமா.

இந்த முறை அவள் வருவதற்கு முன்பே, அவள் வீட்டுக் காணிக்கையை விட்டுவிடும்படி ஃபெர்கில் மடத்துத் தலைவரிடமே போய் மன்றாடியிருந்தான். கிழவர் அவனை வெகுநேரம் பார்த்தார்.

"அவகிட்ட கேட்டியா?"

"கேக்கணுமா சாமி? வருஷா வருஷம் அழறாங்களே!"

"சரி, உன் இஷ்டம்" என்று பெருமூச்சு விட்டார்.

இப்போது கன்று லஸ்ஸாரின் முழங்காலில் முட்டிக் கத்தியது. அவள் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை போலும் என்று ஃபெர்கில் நினைத்துக்கொண்டான்.

"எளைச்சுட்டீங்களே சாமி. வேளைக்குச் சாப்பிடறீங்களா?"

"எனக்கென்னம்மா குறை? நீங்க அழாதீங்க. பெரியவர்கிட்ட பேசிட்டேன்." கயிற்றை அவள் கையிலேயே திணித்தான். "இதையும் வீட்டுக்கே ஓட்டிட்டுப் போங்க. இனிமே உங்க வீட்டுக் கன்னு வேணாம். நீங்க இவ்வளவு தூரம் அலையவும் வேணாம்."

கைகூப்புவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகம் வெளிறிப்போனது. கயிறு நழுவி விழ, வாசற்கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு? சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேனே!"

அவன் அங்கியின் ஓரத்தை இறுகப் பற்றினாள் லஸ்ஸார்.

"கன்னு வேணாம்னுட்டா, பெத்த புள்ளைய நான் எந்தச் சாக்குல வந்து பார்ப்பேன்?"