இன்னும் நாற்பது கிலோ

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, மலையேறும் வீட்டின் கதை சொல்கிறேன்.

ஆறு பெருகினால் கரையோர வீடுகள் தாமாகவே சரிவில் மேலேறிவிடும் காலம் அது. ஒருநாள் வெள்ளம் வந்தபோது செண்பகவல்லியின் வீடு மட்டும் அசையவில்லை. எடை அதிகம் என்றது. அவளும் மாமியாரும் பீரோ, கட்டில், அரிசி மூட்டை எல்லாவற்றையும் வெள்ளத்தில் தள்ளினார்கள். பாறைகள் உருண்டு வரும் சத்தத்தில் தொட்டில் குழந்தை வீறிட்டது.

"இன்னும் நாற்பது கிலோ," என்றது வீடு.

மாமியார் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். "நான் அவ்வளவுதான் இருப்பேன். புள்ளையப் பாத்துக்கம்மா."

செண்பகவல்லி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருங்க அத்தை. இந்தக் கதவத் தூக்குங்க."

இருவரும் கடப்பாரையால் நெம்பி, அந்தத் தேக்குக் கதவைப் பெயர்த்து ஆற்றில் விட்டார்கள். வீடு முனகிக்கொண்டே ஏறியது. கதவில்லாத வாசலில் சாரல் அடிக்க, மாமியாரின் முந்தானையை விடாமல் பிடித்திருந்தாள் அவள்.

உங்கள் வீட்டில் யாரும் யாரையும் எடைபோட்டுப் பார்க்கும் நாள் வராதிருக்கட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள்.