செயலாளர் தோற்காத ஆட்டம்
கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் காலை வெயில் ஆடுகளத்தில் கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. வலைக்கு அந்தப் பக்கம் அரசின் தொழில்துறைச் செயலாளர் மூச்சு வாங்க ஓடுகிறார். இந்தப் பக்கம் கிளப்பின் பயிற்சியாளன், அவர் மட்டைக்கு வாகாக இறகுப்பந்தைத் தூக்கித் தூக்கிக் கொடுக்கிறான். செயலாளர் இங்கே தோற்கக் கூடாது. அவனுக்குச் சம்பளமே அதற்குத்தான். பெஞ்சில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும் எரிவாயு வியாபாரிகள் சங்கத் தலைவர் ஒவ்வொரு அடிக்கும் "ஆகா!" போடுகிறார். செயலாளரின் மகளைத் தன் மகனுக்கு எடுத்தவர். "ஏன் சம்பந்தி, குடியிருப்புத் தெருவுல இருக்கிற கேஸ் கிடங்கையெல்லாம் மாத்தணும்னு ஒரு உத்தரவு உங்க மேசையில தூங்குதாமே?" "தூங்கட்டுமே. நாம எழுப்பினாத்தானே எந்திரிக்கும்?" இருவர் சிரிப்பும் கூரையில் மோதித் திரும்புகிறது. போன வருடம் அப்படியொரு கிடங்கு வெடித்ததில்தான் பயிற்சியாளனின் மனைவி போனாள். அதே இடத்தில் அதை மறுபடி திறந்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வீட்டில் அவன் மகள் இந்நேரம் பல் துலக்கிக்கொண்டிருப்பாள். அவன் மட்டையின் பிடியைத் துடைக்கிறான். மறுபடியும் துடைக்கிறான். "போடுப்பா, என்ன யோசனை?" போடுகிறான். செயலாளர் திருப்பியடித்த பந்து உயரே போய், வெயிலில் ஒரு கணம் வெளுத்து, அவன் தலைக்கு மேல் இறங்குகிறது. எம்பி, ஓங்கி அடிக்கிறான். பந்து செயலாளரின் காலடியில் அறைகிறது. தலைவரின் "ஆகா" பாதியில் நிற்கிறது.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்கிறார் செயலாளர்.

"நல்லாத்தான் இருக்கேன் சார்."

தலைவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொள்கிறார். "இவனை மாத்திடுங்க சம்பந்தி. நாளைக்கே."

செயலாளர் தலையாட்டுகிறார். வலைக்கு இந்தப் பக்கம் அவன் அடுத்த பந்துக்குக் கை நீட்டியபடி நிற்கிறான்.