எதிரே நின்ற சிங்கம்

பேத்தி தமாரின் யூதத் திருமண ஒப்பந்தத்தைச் சுற்றி வரும் காகித அலங்காரத்தை அந்நியர் வெட்டக் கூடாது என்பதற்காக, காகித வெட்டுக் கலை சொல்லித்தரும் ரிவ்காவிடம் இந்த வயதில் நானே அதைக் கற்றேன். அவள் சொன்னபடி காகிதத்தை இரண்டாக மடித்து, எங்கள் குடும்பச் சின்னமான சிங்கத்தைக் கிரீடத்தோடு வெட்டினேன். பிரித்தால் இரண்டு சிங்கங்கள், ஒரே உயரத்தில், முகத்துக்கு முகம்.

"எதிரே நிற்பது யார்?"

"மாப்பிள்ளை வீட்டார்தான், ஐயா" என்று சிரித்தாள் ரிவ்கா.

எண்ணெய்க் கடை நடத்தும் அவர்களுக்குக் கிரீடமா! "அதன் தலையில் இருப்பதை மட்டும் நறுக்கிவிடுகிறேன்."

"தாராளமாக. எது உங்களுடையது?"

இடப்பக்கத்தைக் காட்டினேன். அவள் காகிதத்தைப் புரட்டிப் போட்டாள்; இடது வலதானது. பிறகு நான் புரட்டினேன், மறுபடியும் புரட்டினேன். இப்போது கத்தி யாருடையதோ ஒரு கிரீடத்தின்மேல் நிற்கிறது.

"முடிந்ததா தாத்தா?" என்று தமார் உள்ளே வருகிறாள்.