அஞ்சலாட்சி வெளியே நிற்கிறாள்

திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

உள்ளே அவளும் ஒரு சின்ன மேசையும் மட்டும். ஒரு கையில் நீல உறை. மறு கையில் வாக்குச் சீட்டுகள், சீட்டுக்கு ஒரு பெயர். பிரான்சுக்கு யார் அதிபராக வேண்டும் என்று அவள் சொல்ல வேண்டும்.

பிரான்சை அவள் பார்த்ததில்லை.

புதன்கிழமை பார்க்கப் போகிறாள். அங்கே இருக்கும் மகன் ஞானவேல் டிக்கெட் அனுப்பிவிட்டான். போவதற்கு மட்டும்.

தங்கை அஞ்சலாட்சியிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

ஓட்டுப்போடும் இந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலில் அவள் நிற்கிறாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அக்காவை ஆட்டோவில் கூட்டி வருவதும், வெளியே காத்திருப்பதும் அவள்தான். உள்ளே வர அவளுக்கு உரிமையில்லை.

"உங்க ஊரு ராசாவுக்கு நீ போட்டுட்டு வாக்கா. நம்ம தெரு சாக்கடைக்கு நான் போட்டுக்கறேன்."

இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்பினாள். வாசலில் நின்ற போலீஸ்காரர் சிரித்துவிட்டார்.

இருவருக்கும் ஒரே வீடு. ஒரே சாக்கடை.

பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்தபோது ஆறு மாதம் தவணை தந்தார்கள். பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எழுதாதவர்கள் இந்தியர்கள்.

அவள் கணவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் எழுதினார், அவளையும் எழுத வைத்தார். அப்பா எழுதவில்லை. அஞ்சலாட்சிக்கு அப்போது பதினாறு வயது. அப்பா எதுவோ அதுதான் அவளும்.

எழுதிக் கொடுத்த அன்று சாயங்காலம் அக்காளும் தங்கையும் கடற்கரைக்குப் போனார்கள். புயலில் விழுந்த பழைய பாலத்தின் இரும்புக் கால்கள் தண்ணீருக்குள் நின்றன. எப்போதும்போல ஒரு பொட்டலம் வேர்க்கடலை, இரண்டு பேருக்கும்.

"அப்ப நீ இப்ப வெளிநாட்டுக்காரியா?"

கேட்டுவிட்டு அஞ்சலாட்சி உள்ளங்கையை ஊதினாள். கடலைத் தோல் முழுக்க அக்காவின் முகத்தில்.

சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

அந்தத் தோல் இன்னும் கன்னத்தில் ஒட்டியிருப்பதுபோல அவள் துடைத்துக்கொண்டாள்.

எந்தச் சீட்டை வைப்பது என்று முன்பெல்லாம் கணவர் சொல்வார். அவர் போய்ச் சேர்ந்தபிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பெயர்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். நாக்கில் இடறாத பெயருக்கு ஓட்டு.

ஒன்று இடறவில்லை. உறைக்குள் வைத்தாள்.

பெட்டிக்குள் உறை விழுந்ததும் அங்கிருந்த அதிகாரி அவள் பெயரை உரக்கச் சொல்லி, வாக்களித்தாயிற்று என்று பிரெஞ்சில் அறிவித்தார். அப்பா வைத்த பெயர். யாரோ ஒருத்தியைக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

கையெழுத்து வாங்கிய பெண் பாண்டிக்காரி. பேத்தி வயதிருக்கும்.

"யாருக்கும் பாதிக்கு மேல வராதுன்றாங்க ஆயா. ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டாவது சுத்து இருக்கும். இந்த வெயில்ல மறுபடி அலையணும். வருவீங்களா?"

அவள் பேனாவை மூடினாள். மூடிய பேனாவை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே சுவரோரம் இருந்த துண்டு நிழலில் அஞ்சலாட்சி செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். முட்டி வலி.

"முடிஞ்சுதாக்கா?"

"எங்க முடிஞ்சுது. ரெண்டு வாரம் கழிச்சு திரும்பவும் வரணுமாம்."

"அதுக்கென்னா, வந்தாப் போச்சு. எனக்கு நிக்கற வேலைதானே."

தங்கை ஆட்டோவுக்குக் கை காட்டினாள். அவள் தங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் ஞானவேலுக்குப் போன் போட்டு, புதன்கிழமை வரலன்னு சொல்லணும்டீ. நான் பேசறப்ப நீ பக்கத்துல இரு."